இரு வளையங்களைப் பிணைக்கும் பல்லேடியம்

பொன்னையும் வெள்ளியையும் அறியாதார் இலர். பல்லேடியம் என்னும் உலோகத்தை அறிந்தாரோ சிலரே. 1802-ஆம் ஆண்டில் உல்லாஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர் பிளாட்டினத் தாதுவினின்று பிரித்தெடுத்த இவ்வெண்ணிற உலோகம், இன்று மருந்துகளை ஆக்குவோர்க்குப் பெருந்துணையாய் நிற்கின்றது. அதன் தொழில் யாதென்பதை, இலக்கியம் பயிலும் யாம் எம்போல்வார்க்கு விளங்குமாறு ஈண்டுச் சிறிது கூறுவாம்.

கரியணுக்கள் ஆறு வளையமாய்க் கூடி நிற்பது பென்சீன். இத்தகைய நறுமண வளையத்துள் நைட்ரஜன், கந்தகம் முதலிய பிறிதோர் அணு இடம்பெறுமாயின் அதனை வேற்றணு வளையம் எனலாம். இவை நம் நாட்டிற்குப் புதியன அல்ல. அவுரியின் நீலச் சாயத்தை ஆராய்ந்த பையர் என்னும் ஜெர்மானியர் 1866-இல் அதனினின்று பெற்ற இண்டோல் இவ்வகையது. புகையிலையின் நிக்கோட்டினிலும் பிரிடீன் என்னும் இத்தகைய வளையம் உண்டு. வேற்றணு வளையத்தோடு பென்சீன் வளையத்தைப் பிணைத்த பொருள்கள் பல மருந்தாகின்றன.

ஆயின் அப்பிணைப்பு எளிதன்று. வளையத்துக் கரியணு தன் ஹைட்ரஜனை இறுகப் பற்றி நிற்கும். ஆதலின் ஒரு வளையத்தில் புரோமினையும் மற்றதில் போரானையும் முன்னரே பொருத்தி, பல்லேடியத்தால் இணைக்கும் முறையை ஜப்பானியராகிய சுசுகி 1981-இல் வெளியிட்டார். 2010-இல் ஹெக், நெகிஷி என்பாரோடு அவர் நோபெல் பரிசு பெற்றார். எனினும், போரானைப் பொருத்தத் தனி வேலை வேண்டும். பின்னர் அது கழிவாகவும் எஞ்சும்.

நேர்ப்பிணைப்பு முறையோ போரானை வேண்டாதது. காவிரியில் பாலமில்லாக் காலத்து ஓடக்காரனை எண்ணுக. அவன் திருச்சிராப்பள்ளிக் கரையில் இருவரை ஏற்றித் திருவரங்கத் துறையில் இறக்கி, மீண்டும் பிறரை ஏற்ற வெற்றோடத்துடன் திரும்புவான். பழைய முறையில் இருவரும் சீட்டுக் காட்டல் வேண்டும்; புதிய முறையில் ஒருவர் காட்டினாற் போதும். பல்லேடியம் முதற்கண் கரியணுவிற்கும் புரோமினுக்கும் இடையே புகும். பின்னர், உடனிருக்கும் காரம் வேற்றணு வளையத்தின் ஹைட்ரஜனைக் கவர, அவ்விடத்தைப் பல்லேடியம் பற்றும். இறுதியில் இரு வளையங்களும் தம்முள் பிணைந்து நீங்க, உலோகம் பழைய நிலை எய்தும். கனடா நாட்டுக் கீத் ஃபாக்னு என்பார், பிவாலிக் அமிலம் சிறிது சேர்ப்பின் ஹைட்ரஜன் எளிதில் நீங்கும் என 2006-இல் தம் குழுவினருடன் காட்டினார். அவ்விளம் பேராசிரியர் 2009-இல் தம் 38-ஆம் வயதில் மறைந்தது இத்துறைக்குப் பேரிழப்பாயிற்று.

இம்முறையிலும் இடர்கள் உள. வளையத்தில் ஹைட்ரஜன்கள் பலவாதலின் எது நீங்கும் என்பதை ஆள வேண்டும்; பெரும்பாலும் 100 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும்; மருந்தினின்று உலோகத்தை நன்கு நீக்கவும் வேண்டும். ஆயினும் வேலையும் கழிவும் குறைதல், காவிரி நீரை உண்டு வாழும் நமக்குச் சிறு செய்தியன்று. ஆலைக்கழிவு குறையுந்தோறும் ஆறுகளின் சுமை குறையுமன்றோ?

இவற்றைத் தமிழில் கூறல் இயலுமோ என ஐயுறுவார் உளர். யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் அவர்கள் முயற்சியால் 1875-இலேயே ‘கெமிஸ்தம்’ என்னும் இரசாயன நூல் தமிழில் வெளிவந்தது. அன்று இயன்றது இன்று இயலாதோ? ஆய்வுக்கூடத்து நண்பர்கள் பொருளைத் தருக. தமிழ் பயிலும் யாம் சொல்லைத் தருவாம்.