கடலும் படமும் எங்கள் கதையும்

தாழ்வுபாட்டுக் கரையில் வலையிலிருந்து மீன் கழற்றும்போது பெண்கள் நாங்கள் படக்கதை கதைப்பதுண்டு. மூத்தவர்களுக்கு 1964இல் வந்த எம்.ஜி.ஆரின் ‘படகோட்டி’. இளையவர்களுக்கு 2012இல் சீனு ராமசாமி இயக்கிய ‘நீர்ப்பறவை’.

ஒருநாள் பேச்சு ‘செம்மீன்’ பக்கம் திரும்பியது. தகழி சிவசங்கரப்பிள்ளையின் மலையாள நாவலை ராமு காரியாட் 1965இல் படமாக்கினார். மனைவி நெறி தவறினால் கடலுக்குப் போன கணவன் திரும்பமாட்டான் என்பது அதிலுள்ள நம்பிக்கை. முடிவும் அப்படியே.

“அப்ப என்ர மனுசன் வராததுக்கு நானோ காரணம்?” என்றார் ஓர் அக்கா.

“‘நீர்ப்பறவை’யைப் பாருங்கோ அக்கா. எஸ்தரின்ர புருசனைக் கொன்றது துவக்குச் சூடு. அவவில என்ன பிழை?” என்றாள் இளையவள் ஒருத்தி.

சகோதரிகளே, படங்களை ரசிப்போம். போர் பறித்த உயிருக்கு மனைவியைக் குற்றம் சொல்லும் பேச்சை மட்டும், திரையிலும் ஊரிலும் ஏற்கவேண்டாம்.