குளிரைத் தேடிப் போகுமுன்

"முருங்கன் வெயிலில் ஏன் வாடுகிறாய்? காணியை விற்றுவிட்டு ஹற்றனுக்கு வா" என்று உறவினர் அழைக்கின்றனர். நான் பிறந்ததும் அந்தக் குளிரில்தான். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து வன்னிப் பக்கம் வந்த குடும்பங்களில் எங்களதும் ஒன்று. அதன்பின் போரிலும் இடம்பெயர்ந்தோம். விரும்பி ஊர் மாறும் வாய்ப்பு இப்போதுதான் வந்துள்ளது. ஆகவே நிதானமாக யோசித்தேன்.

மலையகத்தின் அழகு உண்மை. ஆனால் உறவினர் இருக்கும் லயன் அறைக்கு அவர்களிடமே உறுதி இல்லை. அடைமழையில் மண்சரிவுப் பயமும் உண்டு. 2014இல் மீரியபெத்தையில் லயன் வீடுகள் மண்ணில் புதைந்தன.

முருங்கனில் ஆனி, ஆடியில் கச்சான் காற்றும் புழுதியும்தான். களிமண் வெடித்துக் கிடக்கும். மாரி பெய்து கட்டுக்கரைக் குளம் நிறைந்தால் அதே மண் நெல் தரும். என் பெயரில் உறுதியும் இருக்கிறது. குளிர் வேண்டுமானால் சித்திரையில் பத்து நாள் போய் வருவேன்; காணியை விற்கமாட்டேன்.

ஊர் மாற எண்ணும் சகோதரிகளே, புது ஊரை மாரியிலும் கோடையிலும் போய்ப் பாருங்கள். வரட்சியில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கும் என்று அங்குள்ள பெண்களிடம் கேளுங்கள். உழைக்க என்ன வழி என்றும் விசாரியுங்கள். அங்கே உங்கள் பெயரில் உறுதி எழுதும்வரை இங்குள்ள உறுதியைக் கைவிடாதீர்கள்.