பிசினில் உறைந்த பிராணிகளும் அவற்றிற்கு உரியோரும்

மரத்தின் காயத்தில் வழிந்த பிசின், மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுந்திக் கிடந்து, தன் ஆவியெண்ணெய்களை இழந்து இறுகினால் ஆம்பர் ஆகிறது. எறும்பின் மயிரிழையையும் பூவின் மகரந்தத்தையும் உருக்குலையாமல் அது காத்துத் தருவதால், ஜீவ சாஸ்திரிகள் அதனைப் பெரும் பொக்கிஷமாகப் போற்றுகின்றனர்.

வட மியன்மாரில் கச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்கில் அகப்படும் ஆம்பர் சுமார் 9.9 கோடி ஆண்டுப் பழமையுடையது. 2016இல் உலகம் வியந்து பார்த்த, இறகு போர்த்த டைனோசர் வால், மிச்சீனா நகரச் சந்தையில் ஏதோ செடியென்று கருதப்பட்டு விற்பனைக்குக் கிடந்து, சீன ஆராய்ச்சியாளர் லிடா ஷிங்கின் கண்ணில் பட்டதாகும். அத்தகைய துண்டுகளுக்காக ஏழைத் தொழிலாளர் ஆளொருவர் மட்டுமே நுழையக்கூடிய ஆழ்குழிகளில், மண் சரியும் அபாயத்தோடு இறங்குகிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. 2017 ஜூனில் ராணுவம் தனாய் வட்டாரத்துச் சுரங்கப் பகுதிகளின்மீது படையெடுத்தது. ஆயிரக்கணக்கானோர் வீடிழந்து ஓடினர்.

புதைபடிவங்களைத் தேசத்தை விட்டு வெளியே கொண்டுபோக மியன்மார் சட்டம் தடை விதித்திருந்தும், ஆம்பர் ரத்தினக்கல் என்னும் பெயரில் எல்லை கடந்து யுன்னானின் தெங்சோங் சந்தைக்குச் சென்றுவிடுகிறது. புராதன உயிர்ப் படிவங்களையும் கலாசாரச் சொத்தாகவே கருதும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையின் நோக்கத்திற்கு இது நேர் விரோதம். 2020இல் முதுகெலும்பிப் புதைபடிவ அறிஞர் சங்கம், 2017 ஜூனுக்குப் பின் மியன்மாரிலிருந்து பெற்ற மாதிரிகளைப் பற்றிய கட்டுரைகளை வெளியிடுவதை நிறுத்தி வைக்குமாறு பத்திரிகைகளைக் கோரியது நியாயமே. எனினும் வெறுந்தடையால் மட்டும் தொழிலாளியின் பசி தீராது. அரிய துண்டுகளும் ஆபரணமாகி ஆராய்ச்சிக்கு எட்டாமற்போகும்.

மாதிரி எந்தக் குழியில், எந்த ஆண்டில், யாரால் எடுக்கப்பட்டது என்பதைப் பதிவு செய்தல், அதனைப் பொது அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தல், மியன்மார் அறிஞர்களையும் ஆராய்ச்சியில் சமபங்காளராக்குதல் ஆகியவையே பரிகாரம். மிகச் சிறிய டைனோசர்ப் பறவையென்று 2020 மார்ச்சில் 'நேச்சர்' பத்திரிகை வெளியிட்ட ஒகுலுடென்டாவிஸ் உண்மையில் பல்லி வகையென்பது, வேறொரு மாதிரியும் ஆராயப்பட்ட பின்னரே தெளிவாயிற்று. அக்கட்டுரை அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெறப்பட்டது. தனியார் பேழையில் பூட்டப்பட்ட மாதிரியைப் பற்றி ஒருவர் சொன்ன சொல்லைப் பிறர் எவ்வாறு பரிசோதிப்பர்?

ஆபரணமாக வாங்குவோரும் பிறப்பிடச் சான்றைக் கேட்கட்டும். ஆம்பரென்று விற்கப்படும் இளம்பிசினாகிய கோபலின்மேல் அசிட்டோன் ஒரு துளி விட்டால் அது பிசுபிசுக்கும். சந்தேகம் தீராவிடில், ரத்தினப் பரிசோதனைச் சாலையில் அகச்சிவப்புக் கதிர்ச் சோதனை செய்து தரச் சொல்வது வாங்குவோரின் உரிமை.