பழைய வைரமா, பழைய பாணி வைரமா?

பங்குனியில் மேல்கோட்டை வைரமுடி உற்சவத்தைக் கண்டவர்களுக்கு அந்த இரவு மறக்காது. மாண்டியா மாவட்டக் கருவூலத்திலிருந்து காவலுடன் கொண்டுவரப்படும் முடி, இரவில்தான் செல்வப்பிள்ளைக்குச் சாற்றப்படுகிறது. பகலொளி அதன்மேல் படலாகாது என்பது மரபு. மரபின் காரணம் எதுவாயினும், பழங்கால வைரங்களைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள நேர்ந்தபோது அந்தக் காட்சியே எங்கள் நினைவுக்கு வந்தது. மின்விளக்கு வருவதற்கு முன்பு பட்டை தீட்டப்பட்ட கற்கள், எண்ணெய் விளக்கிலும் மெழுகுவர்த்தியிலும் பார்க்கப்பட்டவை. அந்த ஒளியில் அவை காட்டும் அழகு, கடைகளின் வெள்ளை விளக்குகளின் கீழ் தெரிவதில்லை.

அறிந்துகொள்ள நேர்ந்தது ஒரு வாடிக்கையாளரால். தசராவுக்குச் சில நாட்கள் முன்னர், எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் தம் மருமகளுடன் எங்கள் மைசூரு கிளையின் பெட்டக அறைக்கு வந்தார். சில தலைமுறைகளுக்கு முன் கும்பகோணத்துப் பக்கமிருந்து வந்து இந்நகரில் குடியேறிய குடும்பம். பெட்டகத்திலிருந்து அவர் எடுத்தது ஏழு கல் வைரத்தோடு. மருமகளின் கையில் இருந்தது ஓர் ஒற்றைக்கல் பதக்கத்தின் படமும், அதன் சான்றிதழின் நகலும். "நூறாண்டுப் பழமை" என்று சொல்லி விற்கப்படும் பதக்கம் அது. தோட்டைக் கொடுத்து, மேலே பணமும் சேர்த்து, அதை வாங்குவதாக யோசனை.

இதில் ஒரு வேடிக்கை இருந்தது. தோட்டின் கற்களைப் பார்த்த விற்பனையாளர், "பழைய கட்டிங், இப்போது மதிப்பில்லை" என்று மிகக் குறைந்த விலை கூறியிருந்தார். பதக்கத்தின் கல்லுக்கோ, அதே "பழைய கட்டிங்" என்பதற்காகவே கூடுதல் விலை கேட்டிருந்தார்.

"சார், ஒன்று மட்டும் சொல்லுங்கள். இது பழசா, பழைய மாதிரியா?" என்று அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டார் அம்மையார்.

நாங்கள் வணிகவியல் படித்தவர்கள். ரத்தினவியல் படித்தவர்கள் அல்லர். எங்கள் கிளையின் நகை மதிப்பீட்டாளரிடம் கேட்டும், படித்தும், அடுத்த சில வாரங்களில் நாங்கள் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். பெட்டகங்களில் இத்தகைய தோடுகளும் மூக்குத்திகளும் வைத்திருக்கும் வாசகர்கள் பலர் என்பதை நாங்கள் அறிவோம்.

முதலில், எது பழையது என்ற கேள்வியையே பிரித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. வைரக்கல் எதுவாயினும் மண்ணுக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்ததுதான். ஆகவே கல்லின் வயது விலைக்கு உதவாது. நாம் கேட்பது, அது எப்போது பட்டை தீட்டப்பட்டது என்பதை. அந்தக் கல் பதிக்கப்பட்டிருக்கும் நகை எப்போது செய்யப்பட்டது என்பது மற்றொரு கேள்வி. பழைய நகையில் புதிய கல் இருக்கலாம். புதிய நகையில் பழைய கல் இருக்கலாம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான ஏமாற்றங்கள் தொடங்குகின்றன.

பட்டை தீட்டும் முறைகள் காலத்தோடு மாறியவை. அடி தட்டையாகவும் மேற்பகுதி மொட்டுப் போலக் குவிந்தும் இருப்பது ரோஸ் கட். மூலைகள் மழுங்கிய சதுரம் போன்ற வடிவம் ஓல்டு மைன் கட். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் பெரிதும் வழங்கியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கல்லை வட்டமாக உருட்டும் இயந்திரங்கள் வந்தபின் ஓல்டு யூரோப்பியன் கட் பரவி, ஏறக்குறைய 1930 வரை நீடித்தது. 1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர், ஒளி கல்லுக்குள் சென்று திரும்பும் கணக்கை வெளியிட்டார். இன்று கடைகளில் நாம் காணும் வட்ட வைரத்தின் அளவுகள் அந்தக் கணக்கின் வழிவந்தவை.

பழைய கட்டை நேரில் அடையாளம் காண்பது கடினமன்று. மேலுள்ள தட்டையான முகம் சிறியது. மேற்பகுதி உயரமானது, பக்கவாட்டில் பார்த்தால் கல் சற்றுத் தடித்துத் தெரியும். அடியில் கூர்முனைக்குப் பதிலாக ஒரு சிறு தட்டைப் பட்டை இருக்கும், கியூலெட் என்பர். மேலிருந்து நேராகப் பார்த்தால் கல்லின் நடுவே சிறு வட்டம்போல் அது தெரியும். அதைக் கல்லில் விழுந்த ஓட்டை என்று எண்ணி, அடகுக்கு வந்தவரிடம் வருத்தப்பட்டுச் சொன்ன இளம் அலுவலர் ஒருவரை நாங்கள் அறிவோம். பட்டைகள் அகலமானவை, ஆகவே ஒளி பொடிப்பொடியாக மின்னாமல், பெரிய துண்டுகளாக நிறம் பிரிந்து வீசும். அகல் விளக்கொன்றின் முன் தோட்டை அசைத்துப் பார்த்தால் இது புரியும்.

நம் வீடுகளில் வழங்கும் "புளூ ஜாகர்" என்ற பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டெய்ன் சுரங்கத்தின் பெயரிலிருந்து வந்தது அது. அங்கே 1870இல் வைரம் கண்டெடுக்கப்பட்டது. லேசான நீலச் சாயை கொண்ட வெண்மையான கற்களுக்குப் பெயர்பெற்ற சுரங்கம். 1893இல் கிடைத்த 995.2 காரட் எக்செல்சியர் கல்லும் அங்கிருந்துதான் வந்தது. சுரங்கம் 1971இல் மூடப்பட்டது. இன்றோ நல்ல வெண்மையுள்ள எந்தக் கல்லையும் புளூ ஜாகர் என்றே விற்கிறார்கள். "இருநூறு ஆண்டுப் பழமையான புளூ ஜாகர்" என்று ஒருவர் சொன்னால், அவர் ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளவில்லை என்றே பொருள்.

இனி அந்தச் சான்றிதழ். கல்லின் வகை என்ற இடத்தில் அதில் "ஓல்டு யூரோப்பியன்" என்றிருந்தது. அதைப் பழமைக்கான சான்று என்று மருமகள் நம்பியிருந்தார். நாங்களும் முதலில் அப்படியே எண்ணினோம். அது வடிவத்தின் பெயர் மட்டுமே. எடுத்துக்காட்டாக, ஜி.ஐ.ஏ. ஆய்வகம் ஒரு வட்டக் கல்லை இவ்வாறு வகைப்படுத்த நான்கு அளவுகளைப் பார்க்கிறது: மேல்முகம் கல்லின் அகலத்தில் 53 விழுக்காட்டுக்கு மேற்படாமை, மேற்பகுதியின் சாய்வு 40 பாகைக்குக் குறையாமை, அடிப்பகுதியின் கீழ்ப்பட்டைகளின் நீளம் 60 விழுக்காட்டுக்கு மேற்படாமை, கியூலெட் கண்ணில் படும் அளவு பெரிதாக இருத்தல். இவற்றில் மூன்று பொருந்தினால் போதும். சென்ற மாதம் தீட்டிய கல்லும் இந்த அளவுகளுக்கு உட்பட்டால் அதே பெயரைப் பெறும். பழைய பாணிக்கு உலகெங்கும் விருப்பம் கூடியிருப்பதால், சூரத் உள்ளிட்ட இடங்களில் இப்போது அந்த அளவுகளிலேயே புதிதாகத் தீட்டுகிறார்கள். இயற்கை வைரத்திலும், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட வைரத்திலும். அதில் குற்றமில்லை. புதியது என்று சொல்லி விற்கும்வரை.

அப்படியானால் வயதை எதைக்கொண்டு அறிவது? ஒரே அடையாளத்தைக்கொண்டு அறிய முடியாது. பல அடையாளங்கள் ஒன்றையொன்று ஆதரிக்க வேண்டும். மதிப்பீட்டாளர் முதலில் பார்ப்பது கல்லின் இடைவிளிம்பை. பழைய கற்களில் அந்த விளிம்பு மெருகிடப்படாமல், உறைபனி படிந்ததுபோல் மங்கலாகவும், இடத்துக்கிடம் தடிமன் மாறியும் இருக்கும். விளிம்பிலும் சிறு பட்டைகள் தீட்டி மெருகிட்டிருந்தால், அது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிந்தைய வேலை. அடுத்தது ஒழுங்கு. கையாலும் கண்ணாலும் தீட்டிய கல்லில் பட்டைகள் ஒன்றுபோல் இரா. வட்டம் முழு வட்டமாக இராது. அளவெடுத்ததுபோல் எல்லாம் பொருந்திய "பழைய" கல் நம் ஐயத்திற்கு உரியது.

பிறகு தேய்மானம். வைரம் தேயாது என்பது பாதி உண்மை. ஒரே டப்பாவில் வைர நகைகள் ஒன்றோடொன்று உரசிக் கிடந்தால், பட்டைகள் சந்திக்கும் விளிம்புகள் சொரசொரப்பாகும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸில் அது வெண்கோடாகத் தெரியும். அறுபது ஆண்டுகள் காதில் இருந்த தோட்டில் இது இருப்பது இயல்பு. ஒரு கீறலும் இல்லாத நூறாண்டுக் கல் இருக்கவே முடியாது என்று சொல்லவில்லை. ஆனால் விற்பவர் அதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

கல்லைக் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள பொன் சில வேளை அதிகம் பேசும். தோட்டின் பின்புறத்தையும், திருகாணியின் மரையையும், பற்ற வைத்த இடங்களையும் பாருங்கள். மரை கையால் வெட்டியதா, இயந்திரத்தில் வார்த்ததா? பலமுறை மெருகிட்டதால் பின்புறத்து ஓரங்கள் மழுங்கியிருக்கின்றனவா? பொன் நகைக்கு ஹால்மார்க் முத்திரை நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில்தான் தொடங்கியது. ஆறு எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறி 2021இல் வந்தது. பழைய நகைக்கும் பிற்பாடு முத்திரை பெறலாமாகையால், முத்திரை இருப்பதனாலேயே நகை புதிது என்றாகாது. ஆயினும் அந்த முத்திரை பொன்னின் தரத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. கல்லைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

கடைகளில் வைக்கும் வெப்பச் சோதனைக் கருவியை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மொய்சனைட் என்ற செயற்கைக் கல்லையும் சில கருவிகள் வைரம் என்றே காட்டும். ஆய்வகத்தில் வளர்த்த கல்லோ உண்மையிலேயே வைரம். ஆகவே கருவி பொய் சொல்வதில்லை, நமக்கு வேண்டியதைச் சொல்வதில்லை. "கோல்கொண்டா வகை, டைப் 2ஏ" என்ற விளம்பரத்திலும் எச்சரிக்கை தேவை. புகழ்பெற்ற கோல்கொண்டாக் கற்கள் பல அந்த வகையைச் சேர்ந்தவை என்பது சரி. வாயு முறையில் வளர்க்கப்படும் செயற்கை வைரங்களும் பெரும்பாலும் அதே வகைதான்.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு புகழ்பெற்ற வரலாறு இந்தச் சிக்கலை நன்கு காட்டும். ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜா 1777இல் இங்கிலாந்து அரசி சார்லட்டுக்கு வைரங்களைப் பரிசளித்தார். அவற்றில் நீர்த்துளி வடிவக் கற்கள் இரண்டு ஆற்காடு வைரங்கள் என்றே பெயர்பெற்றன: ஒன்று 33.70 காரட், மற்றது 23.65 காரட். வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுக் குடும்பத்தின் கைக்கு வந்து, 1930இல் ஒரு மகுடத்தில் ஏறி, 1959இல் ஹாரி வின்ஸ்டன் என்ற அமெரிக்க வணிகருக்கு விற்கப்பட்டன. பிறகு, கூடுதல் ஒளிக்காக அவை மறுபடியும் தீட்டப்பட்டன. சிறிய கல் 2019இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்தபோது அதன் எடை 17.21 காரட், விலை 33 லட்சம் டாலருக்கு மேல். கல் ஆற்காட்டினுடையது என்பதற்கு ஆவணங்கள் உண்டு. ஆனால் நவாப் கொடுத்த வடிவம் இன்று உலகில் இல்லை. பழைய கல்தானா என்றால் ஆம். பழைய கட்தானா என்றால் இல்லை. "இந்தக் கற்களைப் புது கட்டாக மாற்றித் தருகிறோம்" என்று யாரேனும் சொன்னால், எடையில் எவ்வளவு போகும் என்று முதலில் கேளுங்கள். கோகினூரே 1852இல் 186 காரட்டிலிருந்து 105.6 காரட்டாகக் குறைந்தது. எங்கள் கருத்தில், விரிசலோ பெரிய உடைப்போ இல்லாத பழைய கல்லை மறுபடி தீட்டக் கொடுப்பது, பழைய பத்திரத்தைத் தட்டச்சு செய்துகொண்டு மூலத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம்.

ஆவணம் என்ற சொல் வந்துவிட்டதால், வங்கியாளர்களாக நாங்கள் அறிந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். 1957இல் இயற்றப்பட்ட செல்வ வரிச் சட்டம் 2015 வரை நடைமுறையில் இருந்தது. அவ்வரி செலுத்திய குடும்பங்கள், அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் நகைகளின் மதிப்பறிக்கையைப் பெற்றிருக்கக்கூடும். கற்களின் எண்ணிக்கை, எடை, கட் ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருந்தால், ஆண்டும் கையொப்பமும் உள்ள அத்தகைய ஒரு தாள், எந்தச் சான்றிதழும் தராத சாட்சியைத் தரும். வரியே போய்விட்டது என்று அந்தக் கோப்புகளைப் பழைய தாள் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். திருமணப் படங்களும் அவ்வாறே. தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படத்தில் பாட்டியின் காதில் அந்தத் தோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

நகைக்கடனுக்கு நாங்கள் கல்லின் எடையைக் கழித்துப் பொன்னை மட்டுமே மதிப்பிடுகிறோம். அதனால் கல்லுக்கு மதிப்பில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பெட்டகத்தைப் பொறுத்தவரை, தீ, திருட்டு, கட்டட இடிபாடு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால், 2022 முதல் நடைமுறையிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் 100 மடங்கு வரைதான். உள்ளே இருப்பது என்ன என்பது வங்கிக்குத் தெரியாது. ஆகவே தனிக் காப்பீடும், அதற்கு வேண்டிய படமும் மதிப்பறிக்கையும் உங்கள் பொறுப்பு.

பதக்கத்தின் கதை எளிதாகவே முடிந்தது. பட்டியலில் "1930க்கு முன் தீட்டப்பட்ட இயற்கை வைரம், அன்றெனில் பணம் திருப்பித் தரப்படும்" என்று எழுதித் தரும்படி கேட்கச் சொன்னோம். "ஓல்டு யூரோப்பியன் கட்" என்று எழுத விற்பனையாளர் உடனே இசைந்தார். ஆண்டை எழுத இசையவில்லை. மருமகள் திரும்பி வந்துவிட்டார்.

தோட்டை மதிப்பீட்டாளர் ஒரு பிற்பகல் முழுவதும் லென்ஸில் வைத்துப் பார்த்தார். பதினான்கு கற்களில் பதின்மூன்றின் விளிம்பு மங்கல், மேல்முகம் சிறியது, கியூலெட் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றுக்கொன்று சற்றே கோணலும் உண்டு. ஒன்று மட்டும் வேறு. மேல்முகம் அகலம், அடி கூர்மை. எந்தக் கல் என்று சொல்லத் தயங்கியபடி அவர் நிமிர்ந்தபோது, அம்மையார் கையை நீட்டி இடத் தோட்டின் கீழ்வரிசைக் கல்லைத் தொட்டார்.

"இதுதானே? என் நாத்தனார் கல்யாணத்தில், சம்பந்தி வரவேற்கும் கூட்டத்தில் விழுந்துபோயிற்று. மறுநாளே பெங்களூரில் வேறு வைத்துக் கொடுத்தார்கள். மாமியாருக்குக் கடைசிவரை தெரியாது."

மருமகள் அந்தச் செய்தியைத் தேதியுடன் ஒரு தாளில் எழுதி, தோட்டின் டப்பாவிலேயே மடித்து வைத்தார். பெட்டகத்தை மூடிவிட்டுப் பதிவேட்டில் இருவரும் கையொப்பமிட்டுச் சென்றனர்.