12 வோல்ட்டா, 240 வோல்ட்டா?

எம்பிலிப்பிட்டியவில் ஒரு சிறு அலுவலகத்தின் பின்னறை. மேசைக்கடியில் இரண்டு 12 வோல்ட் பற்றரிகள் இணையாகப் பூட்டப்பட்டிருந்தன. பக்கத்தில் இன்வேர்ட்டர், மேலே சேர்வர். கரண்ட் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். பற்றரி முனையில் வயரைப் பிடித்திருந்த செப்புக் காதைத் தொட்டேன். சுட்டது, விரலை உடனே எடுத்துவிட்டேன். வயரின் பிளாஸ்டிக் உறை இளகி நெளிந்திருந்தது. பற்றரிகள் புதியவை. அந்தச் சுமைக்கு 12 வோல்ட் போதாது, அவ்வளவுதான்.

கணக்கு எளிது. 1,000 வாட் இழுக்கும் சேர்வருக்கு 12 வோல்ட்டில் 83 அம்பியர் ஓட வேண்டும். 48 வோல்ட்டில் 21 அம்பியர், 240 வோல்ட்டில் 4 அம்பியர் சொச்சம். வயரில் பிறக்கும் சூடோ அம்பியரின் இருமடியாக ஏறும். வோல்ட்டை நான்கு மடங்காக்கினால் அதே வயரில் சூடு பதினாறில் ஒரு பங்காகிவிடும். சமனலவெவ நீர்மின் நிலையத்தின் 120 மெகாவாட்டை 132,000 வோல்ட்டில் மலையிறக்கிக் கொண்டுவருவதும் இதே கணக்கால்தான்.

அப்படியானால் நேரே 240 வோல்ட்டுக்குப் போய்விடலாமே? அங்கேதான் யோசிக்க வேண்டும். 240 வோல்ட் என்றால் 20 பற்றரிகளைத் தொடராகக் கோக்க வேண்டும். ஒன்று நலிந்தால் வரிசை முழுவதும் நலியும். ஈய அமிலப் பற்றரி 25 பாகை வெப்பத்துக்கென்று செய்யப்படுவது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். எம்பிலிப்பிட்டிய வெயிலில் காற்றோட்டமில்லாத அறைக்குள் நெருக்கி அடுக்கினால், நடுவில் இருப்பவைதான் முதலில் கெடும்.

அதைவிடப் பெரியது உயிராபத்து. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொட்டு வருகிறது. சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி அந்த இடைவெளியில் அணையும். பற்றரியின் நேர்மின்சாரத்துக்கு அந்த இடைவெளி கிடையாது. பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் வீட்டுப் பிரேக்கரை அங்கே மாட்டவே கூடாது. நேர்மின்சாரத்துக்கென்றே செய்த பிரேக்கர் வேண்டும், அதைக் கையாளப் பழகிய ஆளும் வேண்டும்.

தொலைபேசி நிலையங்கள் நெடுங்காலமாக 48 வோல்ட்டில் நிற்பது இதனால்தான். அம்பியர் கைக்கடக்கமாக இருக்கும். நேர்மின்சாரத்தில் 60 வோல்ட் என்று பொதுவாக வைக்கும் பாதுகாப்பு எல்லைக்குள்ளும் அடங்கும். 2016இல் கூகுளும் தன் 48 வோல்ட் சேர்வர் அடுக்கு முறையை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுக் கணினிகளின் பசிக்கு அதுவும் போதாமல், 2025இல் என்விடியா 800 வோல்ட் நேர்மின்சாரத் திட்டத்தை அறிவித்தது. சுமை ஏற ஏற வோல்ட்டும் ஏறியாக வேண்டும்.

ஒன்றிரண்டு சேர்வர் வைத்திருக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் நான் சொல்வது 48தான்: நான்கு பற்றரிகள், அதற்கேற்ற இன்வேர்ட்டர். சுமை 5,000 வாட்டைத் தாண்டினால் 192, 240 வோல்ட் யூபிஎஸ் பக்கம் போகலாம்.

48 வோல்ட் ஷொக் அடிக்காது என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். ஸ்பேனர் தவறி இரு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். இரும்பே சிவந்து உருகும். வேலையைத் தொடங்குமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் வாயை மட்டும் விட்டுவிட்டு, மீதி முழுவதையும் டேப்பால் சுற்றிக்கொள்ளுங்கள்.