ஈரம் குடிக்கும் கத்தி

தேனிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். களப்பணி வேலை. பாதி நாள் பேருந்திலும் மீதி நாள் தோட்டங்களிலும் கழிகிறதாம். பழம் நறுக்க, சணல் அறுக்க, பார்சல் பிரிக்க, ஒரே அலகுள்ள மடக்குக் கத்தி ஒன்று கைப்பையில் இருந்தால் தேவலை என்கிறார். கடைகளில் எடுத்துக் காட்டுவதோ பல்லுப் பல்லாக வெட்டிய கறுப்புக் கத்திகள். தொடவே மனம் வரவில்லையாம். பழைய மாதிரியில், நல்லதாக ஒன்று சொல்லுங்கள் என்பது அவருடைய கேள்வி.

பல கருவிகள் அடங்கிய சுவிஸ் கத்தியை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ஒரே அலகு போதும் என்று தீர்மானித்தவருக்கு நான் முதலில் காட்டுவது பிரான்ஸின் ஒப்பினெல் கத்தியை. இதைவிட அழகாக இழைத்த கத்திகள் உண்டு, பத்து மடங்கு விலை வைத்தவையும் உண்டு. ஆனால் இவ்வளவு குறைந்த உறுப்புகளோடு இவ்வளவு வேலை பார்க்கிற கத்தி எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி எல்லையை ஒட்டிய சவோய் வட்டாரத்தில், சேன் ழான் த மொரியேன் என்ற ஊருக்கு மேலே உள்ள கிராமத்தில் ஒப்பினெல் குடும்பத்தின் பட்டறை இருந்தது. அப்பா கோடரியும் வெட்டரிவாளும் அடிக்கிறவர். மகன் ழோசஃப் தன் 18-ஆவது வயதில், 1890-இல், சட்டைப்பைக்குள் போகிற ஒரு கத்தியைச் செய்தார். 1897-இல் அதையே 1 முதல் 12 வரை எண்ணிட்டுப் பன்னிரண்டு அளவுகளில் கொண்டுவந்தார். 1935-இல் 1-ஆம் எண்ணையும் 11-ஆம் எண்ணையும் நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் இன்றும் வரிசை 2-இல் தொடங்குகிறது, 10-க்கு அடுத்தது 12. அலகில் ஒரு கையும் அதன் மேல் ஒரு கிரீடமும் பொறித்திருக்கும். கை, சேன் ழான் ஊரின் சின்னத்தில் உள்ள திருமுழுக்கு யோவானின் ஆசீர்வாதக் கை. கிரீடம் சவோய்ப் பிரபுக்களுடையது. போலிகள் நிறைய உலவுகின்றன, ஆகவே வாங்கும்போது இந்த முத்திரை துலக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

உறுப்புகள் மொத்தம் ஐந்து. அலகு, மரப்பிடி, இரண்டையும் குறுக்கே கோக்கிற ரிவெட், பிடியின் கழுத்தைச் சுற்றிய எஃகுப் பூண், பூணின் மேல் திரும்புகிற வளையம். வில் கிடையாது. மற்ற பல மடக்குக் கத்திகளில் முதுகுப் பக்கம் ஓர் எஃகு வில் அழுத்திக்கொண்டிருக்கும். அலகைத் திறந்த இடத்திலும் மூடிய இடத்திலும் நிறுத்துவது அதுதான். ஒப்பினெலில் அந்த வேலையை மரம் பார்க்கிறது. பிடியில் ரம்பத்தால் ஒரு பிளவு போட்டிருக்கிறார்கள். அலகு அதன் இரு கன்னங்களிலும் உரசிக்கொண்டு நிற்கிறது. அந்த உரசல்தான் பிடிமானம்.

இந்தக் கத்தியில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. பிடி பெரும்பாலும் பீச் மரம். மலைச்சரிவில் தாராளமாகக் கிடைப்பது, கடைசலுக்கு இசைவது, ஆனால் ஈரத்துக்கு மிகவும் அசைவது. பச்சை பீச் முழுக்க உலரும்போது ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் அதில் பாதி. நீளவாக்கில் அனேகமாக ஒன்றுமில்லை. நம் தேக்கு இதில் பாதிகூடச் சுருங்காது. மரம் உலர்ந்து கருவியான பிறகும் இந்தக் குணம் போவதில்லை. நார்ச்சுவர்களில் நீர் ஏறினால் பருக்கும், இறங்கினால் ஒடுங்கும். ஐப்பசி அடைமழையில் வீட்டுக் கதவு நிலையில் இறுகிக்கொண்டு, தோள் கொடுத்துத் தள்ளினால்தான் திறக்கும் அல்லவா, அதே சங்கதிதான் இந்தச் சின்னப் பிடிக்குள்ளும் நடக்கிறது. கழுத்தை எஃகுப் பூண் கட்டியிருப்பதால் மரத்துக்கு வெளியே பருக்க வழியில்லை. உள்பக்கமாகப் பருக்கிறது. பிளவு நெருங்குகிறது, அலகு சிக்கிக்கொள்கிறது.

ஆகவே இது ஊருக்கு ஊர், பருவத்துக்குப் பருவம் மாறுகிற கத்தி. சித்திரையில் மதுரையில் விரல் நுனிக்குத் திறந்தது, கார்த்திகையில் கொடைக்கானலுக்குக் கொண்டுபோனால் நகம் பெயர்கிற அளவுக்கு இறுகிக்கிடக்கும். அதற்குச் சவோய்க்காரர்களிடம் ஒரு கைப்பழக்கம் உண்டு, சவோய்த் தட்டு என்றே அதற்குப் பெயர். வளையத்தைத் திருப்பிப் பூட்டை விடுவித்துக்கொண்டு, பிடியின் வால்முனையை, பிளவு கீழே பார்க்கும்படி, கெட்டியான மரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார்கள். பிடி சட்டென்று நின்றுவிடும். உள்ளே இருக்கிற அலகு தன் வேகத்திலேயே நழுவி, விரலுக்குப் பிடிபடுகிற அளவு வெளியே தலை நீட்டும். பேருந்து சடாரென்று நிற்கும்போது நம்மை முன்னால் தள்ளுகிற அதே ஜடத்துவ விதிதான். விரல்களைப் பிளவின் பக்கம் வைத்துக்கொண்டு தட்டக்கூடாது என்பது மட்டும் கவனத்தில் இருக்கட்டும்.

சிலர் வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே உப்புத்தாளை எடுத்துப் பிளவைத் தேய்த்து அகலப்படுத்திவிடுகிறார்கள். பங்குனி வந்ததும் அலகு தொளதொளவென்று ஆடும், அப்புறம் அதைச் சரிசெய்ய வழியில்லை. ஒரு பொருள் வெயில் மழை எதற்கும் மாறாமல் இருந்தால்தான் தரம் என்று நினைக்கப் பழகிவிட்டோம். மரம் அசைவது பழுதல்ல. முழு ஒரு வருடம் அந்தக் கத்தியோடு இருந்து பார்த்துவிட்டு, அப்போதும் தாங்கவில்லை என்றால் பிளவில் ஆளி விதை எண்ணெயைச் சில தடவை ஊறவிடுங்கள். ஈரம் ஏறுவது மட்டுப்படும். எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட வேண்டாம். ஆளி எண்ணெய் உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கக்கூடியது. துணியை விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

வளையம் பின்னால் வந்தது. 1955-இல் மார்செல் ஒப்பினெல் அதைச் சேர்க்கும்வரை, 65 வருடங்கள், வெறும் உரசலை நம்பித்தான் சவோய் மக்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் நறுக்கினார்கள். வளையத்தில் ஓர் இடைவெளி இருக்கும். அது பிளவுக்கு நேராக நின்றால் அலகு அசையும், திருப்பினால் அலகின் அடிப்பகுதியை வளையம் மறித்துக்கொள்ளும். 2000 வாக்கில் மூடிய நிலையிலும் பூட்டும்படி அதைத் திருத்தினார்கள். கைப்பையில் வைக்கிறவருக்கு எனக்குத் தெரிந்து அதுதான் பெரிய உபகாரம். 6-ஆம் எண்ணிலிருந்துதான் இந்த வளையம் உண்டு, அதற்குக் கீழே உள்ள சின்ன அளவுகளில் இல்லை.

அலகைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதன் மெலிவு. முதுகிலேயே 2 மில்லிமீட்டர் வராது. அங்கிருந்து வாய் வரை லேசான புடைப்போடு சரிந்து இறங்கும். வாசகி கடையில் பார்த்த கறுப்புக் கத்திகள் 3, 4 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அவற்றால் கேரட்டை நறுக்கிப் பாருங்கள், பாதி இறங்கியதும் காய் படக்கென்று பிளக்கும். தடித்த முதுகு ஆப்பாக வேலை செய்கிறது. மெலிந்த அலகு கொய்யாவின் ஊடே கடைசிவரை அரிந்துகொண்டே போகும், துண்டின் முகம் வழவழவென்றிருக்கும். இந்த மெலிவுக்கு ஒரு விலை உண்டு. பெயின்ட் டப்பா மூடியை நெம்பவும் திருகாணியைக் கழற்றவும் போனால் நுனி ஒடியும். மேசை மேல் கிடக்கிற கத்தியை எடுத்து எதையாவது நெம்பிப் பார்க்கிற பழக்கம் நம்மிடம் அதிகம். ஓர் ஐம்பது ரூபாய் ஸ்க்ரூடிரைவரும் வாங்கி வைத்துவிட்டால் கத்தி பிழைத்துப்போகும்.

எஃகு இரண்டு வகை. ஒன்று ஏறத்தாழ 0.9 சதவீதம் கார்பன் உள்ள பழைய எஃகு. மற்றது குரோமியம் சேர்ந்த துருப்பிடிக்காத எஃகு. நாகப்பட்டினம், தூத்துக்குடி போல உப்புக்காற்று ஊர்க்காரர்கள் யோசிக்காமல் இரண்டாவதை வாங்கலாம். மற்றவர்களுக்கு என் வாக்கு கார்பன் எஃகுக்கே. சாணைக்கல்லில் சீக்கிரம் தீட்டு ஏறும், ஏறிய கூர் நன்றாக வழங்கும். மாங்காய், வாழைக்காய் நறுக்கினால் அலகு கறுக்கும். காயின் துவர்ப்பும் புளிப்பும் இரும்போடு சேர்ந்து உண்டாக்குகிற படலம் அது. செந்துரு அல்ல, செந்துரு எளிதில் ஏறாமல் காப்பதும் அதுவே. சபீனா போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் அந்தக் காப்பு போய்விடும். வேலை முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, உடனே உலர்துணியால் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். தண்ணீரில் ஊறப்போட்டால் என்ன ஆகும் என்பதை மரம் உங்களுக்குச் சொல்லிவிடும்.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் அரிவாள்மணையைக் கொடுங்கள், இதைக் கொடுக்காதீர்கள். அவர் தொழிலைக் குறை சொல்லவில்லை. சுழல்கிற கல்லில் தீப்பொறி பறக்கும்போது இவ்வளவு மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பிறகு எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. தட்டையான சாணைக்கல்லில் தண்ணீர் விட்டுக் கையால் தீட்டுவதே இதற்கு உகந்தது.

அளவு விஷயத்தில் பெரும்பாலோர் தேவைக்கு மேல் பெரிதாக வாங்குகிறார்கள். 8-ஆம் எண்ணின் அலகு 8.5 சென்டிமீட்டர். ஆண்கள் கைக்கு அது தாராளம். கைப்பைக்கு 6 அல்லது 7 போதும். விமானப் பயணத்தில் எந்த அளவானாலும் கைப்பையில் வைக்காமல், ஏற்றி அனுப்பும் பெட்டியில் போட்டுவிட வேண்டும். லண்டனில் இருக்கிற உறவுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுக்க நினைக்கிறவர்கள் கவனிக்க ஒன்று: பிரிட்டனில் காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துப்போக அனுமதி உள்ளது, 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டும். வளையம் உள்ள ஒப்பினெல் அதில் சேராது. 6 சென்டிமீட்டர் அலகுள்ள, வளையமில்லாத 5-ஆம் எண் சேரும்.

கத்தியைக் கண்டால் மிரள்வதைப் பற்றிப் பேசாமல் போக முடியவில்லை. ஜப்பானில் மிகி என்ற ஊர் ஹிகோனொகமி என்ற மடக்குக் கத்திக்குப் பெயர் போனது. மடித்த தகடுதான் பிடி, அலகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரல் அழுத்திக்கொள்ள வேண்டும், பூட்டோ வில்லோ கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் பையில் வைத்துப் பென்சில் சீவியது அதில்தான். 1960 அக்டோபரில் சோஷலிஸ்ட் தலைவர் இனெஜிரோ அசனுமாவை, மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே, 17 வயதுப் பையன் ஒருவன் குத்திக் கொன்றான். கருவி ஒரு குறுவாள். ஆனால் பிள்ளைகள் கையில் கத்தியே வேண்டாம் என்ற இயக்கம் நாடெங்கும் கிளம்பியதில் பலியானது பென்சில் சீவுகிற கத்தி. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. அந்தப் பெயரை உரிமையோடு பொறிக்கிற பட்டறை இன்று நாகாவோ குடும்பத்தினுடையது ஒன்றே.

நம் பிள்ளைகள் ஜியாமெட்ரி பாக்ஸில் பாதி ஒடித்த சவர பிளேடை வைத்திருக்கிறார்கள். பிடி இல்லை, உறை இல்லை, விரலுக்கு எந்தத் தடுப்பும் இல்லை. அதை அனுமதிக்கிற பெற்றோர் மடக்குக் கத்தி என்றதும் பதறுகிறார்கள். நுனியை மழுங்க உருட்டி, வளையமும் வைத்து, குழந்தைகளுக்கென்றே 7-ஆம் எண்ணில் ஒரு கத்தியை ஒப்பினெல் விற்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அலகை வெளிப்பக்கமாகத் தள்ளிச் சீவு, கொடுக்கும்போது மடக்கிக் கொடு, ஓடும்போது கையில் வைக்காதே என்று சொல்லிக்கொடுத்தால், எட்டு வயதுப் பிள்ளை அதில் வேப்பங்குச்சி சீவலாம். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத வீட்டில்தான் கத்தி ஆபத்து.

இனி வாசகிக்கு நேரான பதில்: 7-ஆம் எண், கார்பன் எஃகு, பீச் பிடி. அது கைக்கு எட்டவில்லை, உள்ளூர்க் கடையில் வில் வைத்த மடக்குக் கத்திதான் கிடைக்கிறது என்றாலும் தவறில்லை. கடைக்காரரிடம் கேட்டு அதை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வில்லுக்கும் பிடிக்கும் நடுவே வெளிச்சம் கசிந்தால் வைத்துவிடுங்கள். அலகை முழுக்கத் திறந்து இடவலமாக அசைத்துப் பாருங்கள், ரிவெட் ஆடக்கூடாது. கால்வாசி மடக்கி விட்டால் வில்லே அலகைத் திரும்ப இழுத்து நிறுத்த வேண்டும். மூடும்போது கணீரென்று சத்தம் வந்தால் கத்தியின் வாய் உள்ளே வில்லில் மோதுகிறது, மூடுகிற ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் மழுங்கும். மூடிய பிறகு பிடியின் மேல் உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பாருங்கள். நுனி எங்கும் தட்டுப்படாமல் முழுக்க உள்ளே அடங்கியிருந்தால் வாங்கிக்கொள்ளலாம்.