பச்சிளங் குழந்தையின் நுரையீரலும் அணுக்கதிர்ச் சோதனையும்

அணுக்கதிர் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கடலோரப் பங்குகளின் பெற்றோர் அஞ்சுவது இயல்பே. மணவாளக்குறிச்சி முதலிய ஊர்களின் மணலில் மோனசைட்டு என்னும் தாது உண்டு; அதிலுள்ள தோரியம் கதிர் வீசுவது. ஆகவே, குழந்தையின் நுரையீரலுக்கு அணுக்கதிர்ச் சோதனை வேண்டும் என மருத்துவர் கூறினால் தாய் திகைத்து நிற்கிறாள். அச்சோதனை யாதென அறிந்திருப்பது நன்று.

எக்ஸ்ரே படம் நுரையீரலின் உருவத்தைக் காட்டும். அதன் ஒவ்வொரு பகுதியும் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டாது. அதைக் காட்டுவதே அணு மருத்துவம். டெக்னீசியம் என்னும் கதிர்வீசும் பொருளை அல்புமின் என்ற புரதத்தின் நுண்துகள்களோடு இணைத்து, மிகச் சிறிதளவு குழந்தையின் இரத்தக் குழாயில் செலுத்துவர். நுரையீரலில் இரத்தம் பாயும் இடமெல்லாம் அத்துகள்கள் சிறிது நேரம் தங்கும். அங்கிருந்து எழும் கதிர்களைக் காமா கேமரா படமாக்கும். தேவையாயின், கதிர்வீசும் வாயுவைச் சுவாசிக்கச் செய்து காற்று செல்லும் வழியையும் காண்பர். வலப்புறம் எவ்வளவு, இடப்புறம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது இதனால் புலனாகும். பிறவியிலேயே நுரையீரலில் குறையுள்ள குழந்தைக்கு அறுவை சிகிச்சை பற்றி முடிவு செய்ய இது பெருந்துணை. அடிக்கடி நிமோனியா காணும் குழந்தைக்கு, இத்தகைய பொருளைப் பாலில் கலந்து புகட்டி, பால் மேலேறி நுரையீரலுள் செல்கிறதா என்றும் பார்ப்பதுண்டு.

கதிர்வீசும் பொருளைச் சுவடாகக் கொண்டு உயிரின் இயக்கத்தை அறியும் இம்முறைக்கு வழிகாட்டியவர் ஹங்கேரி நாட்டு அறிஞர் ஜார்ஜ் டி ஹெவெசி. அதற்காகவே 1943-ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நொபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இனி அச்சத்தைப் பற்றி. தோரியத்தின் கதிர்வீச்சு பாதியாகக் குறைய ஏறத்தாழ 1400 கோடி ஆண்டுகள் ஆகும். டெக்னீசியத்திற்கோ 6 மணி நேரமே போதும். ஒரே நாளில் அது 16-இல் ஒரு பங்காகிவிடும். ஒரு பகுதி சிறுநீரோடும் வெளியேறும். அளவையும் குழந்தையின் எடைக்கேற்பக் குறைத்தே கொடுப்பர். எனினும் கதிர் கதிரே. சாதாரணச் சளிக்கெல்லாம் இச்சோதனை வேண்டியதில்லை. இது ஏன் தேவை, வேறு வழி உண்டா என மருத்துவரிடம் கேட்பது பெற்றோரின் உரிமை. தேவை எனத் தெளிந்தபின் அஞ்சி மறுப்பது குழந்தைக்குத் தீங்கு.

அன்பான பெற்றோரே! குழந்தை மூச்சிழுக்கையில் விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பால் குடிக்க முடியாமல் திணறினாலோ, மந்திரித்துக் கயிறு கட்டிக் காலங்கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். கோட்டாறு சவேரியாருக்கு நேர்ச்சை நேர்வது நல்லதே. ஆயினும் மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே எனச் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம் போதிக்கிறது. செபத்தோடு சிகிச்சையையும் நாடுவதே நம் விசுவாசத்துக்கு ஏற்றது.